மேற்பட்டப் படிப்பும் ஒரு மாணவியின் தயக்கமும்

கலைப்பீடத்தின் நான்காம் ஆண்டிலே, ஆய்வேட்டைக் கையளிக்கும் காலம் நெருங்க நெருங்க, மாணவரது உரையாடலின் போக்கு மாறிவிடுவதை விடுதி வாழ்க்கையை அறிந்தோர் அறிவர். அதுவரை விரிவுரைகளையும் சங்கத் தேர்தலையும் நாடக விழாவையும் சுற்றிச் சுழன்ற பேச்சு, ஆசிரியர் போட்டிப் பரீட்சை, அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவி, தனியார் வங்கி என்று திரும்பிவிடுகின்றது. இவற்றைப் பற்றி எல்லோரும் உரத்தே பேசுவர். மேற்பட்டப் படிப்பைப் பற்றிய பேச்சு மட்டும் தாழ்ந்த குரலிலேயே நிகழும். அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்து அது கிடையாது போவதிலே வெட்கமேதும் இல்லை; அஃது ஊரோடு ஒத்த துன்பம். பிறநாட்டுப் பல்கலைக்கழகமொன்றுக்கு விண்ணப்பித்ததாகச் சொல்லி, பின்னர் அது கிடைக்கவில்லை என்று சொல்ல நேர்வதே வெட்கத்துக்குரியதாகக் கருதப்படுகின்றது. இதன் விளைவு எளிமையானது: விண்ணப்பித்தோர் வாய் திறப்பதில்லை, ஆகவே விண்ணப்பிக்க விரும்புவோர் ஒன்றையும் அறிவதில்லை. ரொறன்ரோவிலே அண்ணன் ஒருவன் இருக்கப்பெற்றவர் திகதிகளையும் படிவங்களையும் அறிந்திருப்பர். ஏனையோருக்கு அஃது அடைத்த கதவு.

வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற மாணவி ஒருத்தி 2024ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிலே இக்கதவின்முன் நின்றாள். மலையகத் தோட்டமொன்றின் லயன் வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தவள். தாய் கொழுந்து பறிப்பவள். தந்தை உயிருடன் இல்லை. தம்பி உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். அவளது ஆய்வேடு துண்டு முறையைப் பற்றியது. துண்டு என்பது தோட்டத் துரை எழுதிக்கொடுக்கும் சிறு சீட்டு. இன்ன கங்காணியும் அவனது ஆட்களும் இவ்வளவு தொகை கடன்பட்டிருக்கின்றனர், அதனைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் சாரம். வேறு தோட்டத்துத் துரை அத்தொகையைச் செலுத்திவிட்டால் ஆட்கள் அத்தோட்டத்துக்குப் போவர். கடனும் அவர்களோடு கூடப் போகும். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இம்முறை ஒழிக்கப்பட்டது. ஒழிக்கப்பட்டபின் அந்தக் கடன் எங்கே போயிற்று என்பது அவளது ஆய்வேட்டின் கடைசி இயலிலே எழுந்து, விடை காணப்படாது நின்ற வினா. உண்மையிலே மேற்படிப்பு என்ற எண்ணம் அவளிடம் தோன்றியது அவ்வினாவினாலேயே. ஆயினும் நெடுநாட்களாக அவள் அதனை அவ்வாறு விளங்கிக்கொள்ளவில்லை.

அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டதும் பிறரைக் கேட்டதும் வேறொரு கேள்வி: 'எனக்குத் தகுதி இருக்கின்றதா?' அதற்கு எல்லோரும் புள்ளிகளைக் கொண்டே விடையளித்தனர். முதலாம் வகுப்பு வந்தால் முயலலாம். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவென்றால் யோசிக்கவேண்டும். அதற்குக் கீழென்றால் ஆசிரியத் தொழிலை நாடுவதே நன்று. இவ்விடை காரணமின்றித் தோன்றியதன்று. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலந்தொட்டே ஒரு வழக்கம் வேரூன்றியது. முதலாம் வகுப்பிற் சித்தியடைந்தவர் தம் துறையிலேயே உதவி விரிவுரையாளராவார். பின்னர் புலமைப்பரிசில் பெற்றுக் கப்பலேறுவார். கலாநிதியாகத் திரும்பித் தம் இருக்கையில் அமர்வார். இன்றும் தகுதிகாண் விரிவுரையாளராக நியமனம் பெறுபவர் குறித்த காலத்துள் பட்டப்பின் தகைமை பெற்றேயாகவேண்டும். அவர்களுக்கு மேற்படிப்பு என்பது தொழிலின் நிபந்தனை, சம்பளத்துடன் கற்கை விடுமுறையும் கிடைக்கும், பிணைமுறியும் உண்டு. துறைக்கு வெளியே நிற்பவருக்கோ தொழிலும் படிப்பும் ஒன்றையொன்று தள்ளிவைப்பவை. இவ்விரு சாராரையும் ஒரே அளவுகோலால் அளப்பதிலேதான் பிழை நேர்கின்றது. துறையின் வெற்றிடத்தைத் தீர்மானிப்பன புள்ளிகள். பிறநாட்டு அனுமதிக் குழுவோ ஓரளவுக்கு மேற்பட்ட புள்ளிகளைக் கண்டபின் வேறெதனையோ தேடுகின்றது.

அந்த வேறெதனையோ என்பதனை விளக்குவதற்கு ஈழத்துத் தமிழ்ப் புலமை வரலாற்றிலேயே நல்ல சான்றுகள் உள. கைலாசபதி, சிவத்தம்பி ஆகிய இருவரும் கலாநிதிப் பட்ட ஆய்வுக்காகச் சென்றது பேர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே அவர்களுக்கு வழிகாட்டியவர் ஜோர்ஜ் தொம்சன். அவர் தமிழறிஞர் அல்லர், கிரேக்கப் பேராசிரியர். இலண்டனிலே கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் பட்டம் பெற்ற பாதை முன்னரே திறந்திருக்க, தமிழ் கற்பிக்கப்படாத ஓரிடத்தை இவ்விருவரும் நாடியது ஏன்? வீரயுகக் கவிதையையும் பண்டைய நாடகத்தையும் சமுதாய அடிப்படையில் எவ்வாறு நோக்குவது என்ற வினா அவர்களிடம் இருந்தது. கிரேக்கத்தை அவ்வாறு நோக்கியவர் தொம்சன். வினாவே மேற்பார்வையாளரைத் தேர்ந்தது எனலாம். கைலாசபதியின் ஆய்வு 1968இல் ஒக்ஸ்போட்டில் நூலாக வெளிவந்தது. இன்னுமொன்று: இருவரும் பரீட்சை மண்டபத்திலிருந்து நேரே புறப்பட்டவர்கள் அல்லர். கைலாசபதி தினகரனின் ஆசிரியராகவும், சிவத்தம்பி ஸாஹிராக் கல்லூரி ஆசிரியராகவும் பின்னர் பாராளுமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிய பின்னரே இத்துறைக்கு வந்தனர். சுவரில் அவர்களது படங்களை மாட்டிவைத்திருக்கும் சங்கங்கள், இடையில் கழிந்த அந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இச்செய்தியை அம்மாணவிக்குச் சொன்னவர் அவளது ஆய்வேட்டு மேற்பார்வையாளர். அதனைக் கேட்டபின் அவள் தன் கேள்வியை மாற்றினாள். 'எனக்குத் தகுதி இருக்கின்றதா' என்பதற்குப் பதிலாக, 'என் வினாவுக்குரிய தாள்கள் எங்கே இருக்கின்றன' என்று கேட்கத் தொடங்கினாள். இது விடை காணத்தக்க கேள்வி. கொழும்பிலே தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அமர்வுப் பத்திரங்களும் தொழில் நிருவாக அறிக்கைகளும் உள்ளன. இலண்டனிலே கியூ என்னுமிடத்திலுள்ள ஆவணக் காப்பகத்திலே, இலங்கையிலிருந்து குடியேற்ற நாட்டு அமைச்சுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் தொகுதி தொகுதியாக உள்ளன. ஆட்கள் புறப்பட்ட கரையின் தாள்களோ சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தோட்டத் துரைமாரின் ஆட்சேர்ப்பு நிலையம் 1904 முதல் திருச்சிராப்பள்ளியிலேயே இயங்கியது. இவை மூன்றுக்கும் அப்பால் நான்காவது காப்பகம் ஒன்றும் உண்டு. கங்காணிமாரின் பேரேடுகள், பழைய செக்றோல் புத்தகங்கள், தோட்டத்து மூதாட்டியரின் நினைவிலுள்ள பாடல்கள் ஆகியவை அங்கேயே, அவள் பிறந்த மலைகளிலேயே கிடக்கின்றன. ஆண்டுதோறும் அழிந்தும் வருகின்றன. கியூவிலுள்ள கடிதம் பத்து ஆண்டுகள் கழித்தும் அங்கே இருக்கும். மூதாட்டி இருக்கமாட்டாள். முதலில் எங்கே போவது என்ற சிக்கலை இவ்வெண்ணம் மேலும் சிக்கலாக்கிற்று. ஆனால் அதன்பின் அச்சிக்கல் அவளுடைய ஆய்வின் சிக்கலாயிற்று.

நான்கு வழிகள் அவள்முன் இருந்தன. உள்நாட்டிலேயே முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிவுசெய்தல் ஒன்று. வேலை பார்த்துக்கொண்டே செய்யலாம். ஆயினும் இரண்டாண்டுகளில் முடியவேண்டியது ஆறு ஏழு ஆண்டுகளாக இழுபடுவதை எல்லாத் துறைகளிலும் காணலாம். இந்திய அரசின் புலமைப்பரிசிலுடன் சென்னைக்குச் செல்வது இன்னொன்று. அது செலவிற் குறைந்தது, எழும்பூரும் அருகில். ஆனால் இந்தியாவில் முதுதத்துவமாணிப் படிப்பு 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டமையால், பெரும்பாலும் முதலில் முதுகலைமாணி, பின்னர் கலாநிதி என்று நெடுவழி செல்லவேண்டும். அதற்கு மேலாக அவளிடம் வேறொரு தயக்கமும் இருந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் அவளது பாட்டனாரின் தங்கை குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அக்குடும்பம் இறங்கிய கரைக்கு மாணவர் விசாவுடன் போவது ஆய்வுக்கு நல்லதா, மனத்துக்கு நல்லதா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. இத்தகைய காரணங்களை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

பிரித்தானியா மூன்றாவது வழி. முதுகலைமாணிப் படிப்பு அங்கே ஓராண்டிலே முடிவது. அமெரிக்கா நான்காவது, நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துடன் நேரடியாகக் கலாநிதிப் படிப்பிற் சேரலாம், நல்ல துறைகள் கட்டணத்தைத் தாமே ஏற்று, கற்பித்தல் உதவிக்கு ஊதியமும் தரும், ஆனால் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பணத்தைப் பொறுத்தவரை இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனித்தல் வேண்டும். ஓராண்டுப் படிப்புக்கு இலண்டனில் வெளிநாட்டு மாணவர் செலுத்தவேண்டிய கட்டணம் பொதுவாக 20,000 பவுணுக்கு மேற்பட்டது. பவுண் ஒன்று 370 ரூபா அளவிலிருந்த அக்காலத்தில் அஃது 74 இலட்சம் ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு நாளேனும் தவறாமல், அரைப்பேர் விழாமல், உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும் 15 ஆண்டுகள் ஆகும். இதனை அவள் கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு பெரிய தொகை அச்சுறுத்துவதில்லை. அச்சுறுத்தியது சிறிய தொகை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல விண்ணப்பக் கட்டணமாக மட்டும் 75 முதல் 125 டொலர் வரை அறவிடுகின்றன. 100 டொலர் என்பது ஏறத்தாழ 30,000 ரூபா. தாயின் 22 நாட் சம்பளம். படிப்பதற்கு அன்று, கேட்பதற்கு.

கட்டண விலக்குக் கோரி எழுதலாம் என்பதும், எழுதினால் பல இடங்களிற் கிடைக்கும் என்பதும் அவளுக்கு நவம்பர் மாதத்திலேதான் தெரியவந்தது. அதுவும் வேறொரு துறையின் மாணவன் தற்செயலாகக் கூறியதனால். இத்தகவல் ஓர் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படுவதற்கு என்ன தடை என்று கேட்டால் விடை சொல்வாரில்லை.

காலத்தின் இடர் பணத்தின் இடரிலும் நுணுக்கமானது. அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசெம்பரில் முடிவடைகின்றன. நிதியுதவியுடன் அனுமதி பெற்றோர் ஏப்ரல் 15ஆந் திகதி வரையில் முடிவைத் தெரிவிக்கலாம் என்பது அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல ஏற்றுக்கொண்ட மரபு. இலங்கையிலோ 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோயும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் கல்வியாண்டுகளைக் குலைத்துவிட்டமையால், ஓரணி எப்போது வெளியேறும், பெறுபேறு எப்போது வரும் என்று துறைத்தலைவருக்கே தெரியாத நிலை உண்டாயிற்று. ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பெறுபேறு இரண்டாண்டுகளுக்கே செல்லுபடியாகும். முன்னதாக எழுதினால் காலாவதியாகும். பிந்தி எழுதினால் திகதி தப்பும். தமிழ்மொழி மூலம் பயின்ற மாணவிக்கு அப்பரீட்சையே ஓராண்டு உழைப்பு. அவள் எழுதினாள், தேவையான புள்ளியிலும் அரைப் புள்ளி கூடுதலாகப் பெற்றாள். அவளது நான்காண்டுப் பல்கலைக்கழக வாழ்விலே அவள் மிகவும் பெருமை கொண்ட பெறுபேறு இதுவென்று தோழியர் கூறுவர். ஆய்வேட்டுக்குக் கிடைத்த புள்ளி அன்று.

வீட்டிலே இச்செய்தியை அவள் சொன்னபோது தாய் தடுக்கவில்லை. "அஞ்சு வருசமா? முடிச்சிட்டு வந்தா வேல குடுப்பாங்களா பாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அனுமதிக் குழுக்களும் புலமைப்பரிசிற் குழுக்களும் கேட்கும் கேள்விகளிலே இதற்கு நிகரானது ஒன்றில்லை. கலைத்துறைக் கலாநிதிகளுக்குரிய விரிவுரையாளர் பதவிகள் அங்கும் அருகியே வருகின்றன. இங்கு வெற்றிடம் தோன்றினாலும் அஃது அவள் திரும்பும் ஆண்டிலே தோன்றவேண்டும். 2020இல் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டதை அந்த லயனிலும் எல்லோரும் நினைவில் வைத்திருந்தனர். அவ்வாறான நியமனம் இன்னொரு முறை வரும்போது மகள் கடல் கடந்திருப்பாளாயின்? வராத ஒன்றை நம்பிப் போகாமலிருப்பதும், இல்லாத ஒன்றை நம்பிப் போவதும் ஒரே தன்மையன. தாய்க்கு அவள் "தெரியாதும்மா" என்றே பதில் சொன்னாள். அப்பதிலிற் குறையொன்றும் இல்லை.

விடுதியிலே தோழி ஒருத்தி, "உனக்கும் துண்டு எழுதித்தான் வச்சிருக்கு" என்று பகிடியாகக் கூறியதுண்டு. தம்பியின் படிப்பு, தாயின் முதுமை, மகாபொலப் பணத்திலிருந்து மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பிய தொகை ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு சொன்ன பகிடி. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. துண்டிலே தொகை எழுதப்பட்டிருக்கும், செலுத்தினால் போகலாம், வீட்டுக்குப் பட்ட கடனுக்கு எவரும் தொகை எழுதுவதில்லை, எழுதவும் கூடாது என்று அவள் சற்றுக் கடுமையாகவே விடையளித்தாள். வரலாறு பயின்றோர் உவமைகளைப் பொறுத்துக்கொள்வதில்லை என்பது ஒரு புறமிருக்க, அவ்விடையிலே நியாயமும் உண்டு.

விண்ணப்பத்திலே மிகுந்த உழைப்பை வேண்டியது நோக்கக் கூற்று. முதல் வரைவிலே அவள் தன் வாழ்க்கையை எழுதினாள்: லயன் அறை, மண்ணெண்ணெய் விளக்கு, ஆறு மைல் நடை. மேற்பார்வையாளர் வாசித்துவிட்டு முதல் இரண்டு பக்கங்களையும் குறுக்கே வெட்டினார். "இதை வாசிக்கிறவர் இரங்குவார். இரங்கினவர் அனுமதி தருவார் என்று எப்படிச் சொல்லுவீர்? உம்முடைய வினா என்ன? அதை முதல் வசனத்திலே எழுதும்" என்றார். அவள் மனம் நொந்தாள். அந்த நடையும் விளக்கும் பொய்யல்லவே. ஆயினும் மூன்றாம் வரைவிலே, 1921இல் ஒழிக்கப்பட்ட கடன் கங்காணியின் பேரேட்டிலிருந்து அரிசிக் கணக்குக்கும் கடைக் கணக்குக்கும் இடம்பெயர்ந்ததா என்ற வினாவே தொடக்கமாயிற்று. தோட்டம் இரண்டாம் பந்தியிலே, அவள் எந்த மூதாட்டியரிடம் கேட்கமுடியும், எந்தக் கையெழுத்தை வாசிக்கமுடியும் என்பதற்குச் சான்றாக வந்தது. ஏழைமையாக எழுதப்பட்டது ஆற்றலாக மாறிற்று. அனுமதி கிடையாது போயிருப்பினும் அந்த ஒன்றரைப் பக்கத்துக்காகவே விண்ணப்பித்தது தகும் என்று துறையில் ஒருவர் கூறினார். கட்டணம் செலுத்தாதவர் கூறுவது எளிது.

அவள் மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டு. ஒன்று கட்டண விலக்களித்தது, மற்றையதற்கு அவள் தன் சேமிப்பிலிருந்து செலுத்தினாள். மூன்றாவது இலண்டனில் முதுகலைமாணி. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அமெரிக்கக் கூட்டரசின் ஆய்வு நிதி வெட்டுகள் காரணமாக அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் கலாநிதி மாணவர் தொகையைக் குறைத்தன. புள்ளிக்கும் வினாவுக்கும் வரைவுக்கும் அப்பாற்பட்ட இக்காரணத்தை எந்த மாணவியும் டிசெம்பரில் முன்னறிந்திருக்க முடியாது. இரண்டிலிருந்தும் மறுப்பே வந்தது. மறுப்பு அவளது குறையால் நேர்ந்ததா, அவ்வாண்டின் குறையால் நேர்ந்ததா என்பதை அக்கடிதங்களின் நான்கு வரிகளிலிருந்து அறிதல் இயலாது. இரண்டு நாட்கள் அவள் அதனைப் பற்றி எவரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் விடுதியின் உணவுச்சாலையிலே எல்லோரும் கேட்கச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த இளைய மாணவியர் இருவர், கட்டண விலக்குக் கோரும் கடிதத்தை எவ்வாறு எழுதுவது என்று அன்றிரவே அவளது அறைக்கு வந்து விசாரித்தனர்.

இலண்டன் அனுமதி அளித்தது, பணம் அளிக்கவில்லை. புலமைப்பரிசிலுக்கான முடிவுத் திகதி முன்னரே கடந்துவிட்டது. இடத்தை ஓராண்டுக்குப் பின்போடுமாறு கோரி அவள் எழுதிய கடிதத்துக்குச் சம்மதம் தெரிவித்து மே மாதத்தில் பதில் வந்தது. இதற்கிடையில் உள்நாட்டு முதுதத்துவமாணிப் பதிவுக்குரிய ஆய்வு முன்மொழிவையும் அவள் கையளித்துவிட்டாள். நோக்கக் கூற்றின் மூன்றாம் வரைவே, தமிழிலே விரித்து எழுதப்பட்டு, அம்முன்மொழிவாயிற்று. ஆசிரியர் போட்டிப் பரீட்சைக்கான விண்ணப்பமும் மேசையில் நிரப்பப்பட்டுக் கிடக்கின்றது. வார இறுதிகளிலே அவள் ஒலிப்பதிவுக் கருவியுடன் அயல் தோட்டங்களுக்குச் செல்கின்றாள். தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், தம் தகப்பனார் கங்காணியிடம் பட்ட கடன் எப்போது தீர்ந்தது என்ற கேள்விக்கு, அது தீர்ந்ததென்று யார் சொன்னார் என்று திருப்பிக் கேட்டிருக்கின்றார்.